ஜட்கா வண்டிப் பாட்டுக்கு நடுவே ஓர் அறிவிப்பு

கடந்த தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, உத்திரமேரூருக்குத் தெற்கே ஒன்பது கிலோமீட்டரில் இருக்கும் சின்ன ஆலம்பாக்கத்துக்குப் போய் வந்தேன். உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் குடவோலைக் கல்வெட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் போனது கல்வெட்டுக்காக அல்ல, ஒரு சுவரொட்டிக்காக.

அந்தப் பக்கம் நிலம் பார்க்கப் போயிருந்த என் மைத்துனர் அதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பாதி முகத்தில் ஆண் ஒப்பனை, பாதி முகத்தில் பெண் ஒப்பனையோடு ஏகாம்பரதாஸ். கீழே 'தாஸ் மாலை' என்று பெரிய எழுத்து. அதற்கும் கீழே, சிவப்பில், 'அண்ணன் நேரில் வருகிறார்'. அந்தக் கடைசி வரிதான் என்னைக் கிளப்பியது. தாஸுக்கு இரண்டு வருடம் முன்பு தொண்டையில் அறுவை சிகிச்சை ஆகி, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதன் பிறகு அவர் எந்த மேடையிலும் தலைகாட்டியதில்லை.

இளைய வாசகர்களுக்காக ஒரு குறிப்பு. ஏகாம்பரதாஸ் சினிமாவுக்குப் பாடியவர் அல்ல. வட தமிழ்நாட்டின் திருவிழா மேடைகள்தான் அவருடைய உலகம். ஆண் குரலிலும் பெண் குரலிலும் மாறி மாறிப் பாடுவார். ஆர்மோனியம் வாசிப்பார், சலங்கை கட்டி ஆடுவார், ரயில் கிளம்புவதிலிருந்து அடுத்த நிலையத்தில் நிற்பதுவரை வாயாலேயே செய்வார். மூன்று மணி நேரம், ஒரே ஆள். செய்தியாளனாக இருந்த காலத்தில் நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் பேருந்தைத் தவறவிட்டேன்.

சுவரொட்டியில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். எடுத்தவர் கன்னியப்பன். ஊரில் மைக் செட் வைத்திருக்கிறார், ரசிகர் மன்றத்தின் தலைவரும் அவர்தான்.

"ஓரிக்கையில அண்ணன் வூட்டாண்ட ஒம்பதரைக்கு வந்துடுங்க சார். நானும் அங்கதான் வர்றேன். நம்ம வண்டியிலயே போயிடலாம்" என்றார்.

தாம்பரத்தில் காலை 6.25 பேருந்து. வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் 8.20. கட்டணம் 52 ரூபாய். பேருந்து நிலையத்துக்கு எதிரே நாஷ்டா முடிக்க இருபது நிமிடம், பொங்கலும் வடையும் காபியும் 85 ரூபாய். அங்கிருந்து ஓரிக்கை நான்கு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் 20 ரூபாய். மணிமண்டபத்தைத் தாண்டி இரண்டாவது தெரு என்று கன்னியப்பன் சொல்லியிருந்தார். எனக்கு வழி காட்ட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. தெருமுனையில் ஒரு குட்டி யானை நின்றது. (இந்தப் பக்கம் சின்ன சரக்கு வண்டியை அப்படித்தான் சொல்கிறார்கள்.) அதன் கதவில் தாஸின் படம். அதற்கு முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், வெள்ளை வேட்டி சட்டையில், மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார்.

"சார்தானே? வாங்க. உள்ள போவ எனக்குக் கையி காலு ஒதறிக்கினு கீது. நீங்க முன்னாடி போங்க" என்றார் கன்னியப்பன்.

கதவைத் திறந்தவர் தாஸின் மகள் மல்லிகா. காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. முன்னறையில் தாஸ் உட்கார்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயது. கழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைத் துணி, மடியில் குழந்தைகள் எழுதிப் பழகும் சின்ன வெள்ளைப் பலகை, கையில் பேனா. தலைமுடி மட்டும் பழையபடி பின்னோக்கி வாரப்பட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் பலகையில் எழுதிக் காட்டினார்: 'பேப்பர்காரரா?'

"ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது இணையத்தில் எழுதுகிறேன்" என்றேன்.

'சம்பளம்?'

"இல்லை."

'அப்ப நல்லா எழுதுவீங்க' என்று எழுதிவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தம் வரவில்லை.

கன்னியப்பன் காலில் விழுந்து எழுந்தார். சாயந்திரம் ஐந்து மணிக்கு வந்தால் போதும், மேடைக்கு நேர் எதிரே சோபா போட்டிருக்கிறது, படி ஏற வேண்டாம், பேச வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்று மூச்சு விடாமல் அடுக்கினார். தாஸ் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். பிறகு பலகையைத் துடைத்துவிட்டு நிதானமாக எழுதினார்.

'வர்றேன். ஜட்கா பாட்டு நடுவுல வர்ற அந்த அறிவிப்பு வேணாம். அது இருந்தா நான் எழுந்து போயிடுவேன்.'

கன்னியப்பனின் முகம் ஒரு நிமிடத்தில் வேறாகிவிட்டது. "சரிண்ணே" என்று மட்டும் சொன்னார்.

வாசலுக்கு வந்ததும் மல்லிகா தாழ்ந்த குரலில், "நீங்க போன வருஷ நிகழ்ச்சியைப் பிடிச்சு அனுப்பின வீடியோவைப் போட்டுக் காட்டினேங்க. நல்லா ரசிச்சுப் பாத்துக்கிட்டே இருந்தார். அந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லிட்டார். ஏன்னு கேட்டேன், எழுதல" என்றார். "அவர் வெளிய வர்றதே இதுதான் முதல் தடவை, கன்னியப்பண்ணா. பாத்துக்குங்க."

9.55-க்குக் கிளம்பினோம். பாலாற்றுப் பாலத்தில் ஏறியதும் ஆற்றில் நடுவே மட்டும் தண்ணீர் ஓடுவது தெரிந்தது. கன்னியப்பன் அதைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"அது என்ன அறிவிப்பு?" என்று கேட்டேன்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சுருக்குகிறேன். முப்பத்தாறு வருடம் முன்பு இதே ஊர் அம்மன் திருவிழாவில் தாஸ் பாடினார். மைக் செட் கன்னியப்பனின் அப்பாவுடையது. அவரே இரண்டு கேசட்டில் கச்சேரி முழுவதையும் பதிவு செய்தார். கடைசிப் பாட்டு ஜட்கா வண்டிப் பாட்டு. அதில் பாதியில் ஒரு நான்கு வயதுப் பெண் குழந்தையைக் காணவில்லை என்று தகவல் வர, கன்னியப்பனின் அப்பா மேடையேறி, தாஸின் கையிலிருந்த மைக்கை வாங்கி அறிவிப்புச் செய்தார். பிறகு தாஸ் பாட்டைத் தொடர்ந்தார். ஆனால் அடுத்த வரி அவருக்கு வரவில்லை. கொஞ்சம் முனகிவிட்டு, ஒரு சரணத்தைத் தாண்டிக் குதித்துப் பாடி முடித்தார்.

அந்த ஜோடிக் கேசட்டைத்தான் சுற்று வட்டாரம் முழுக்கப் பிரதியெடுத்துக் கேட்டார்கள். அறுவடைக் களத்தில், சைக்கிள் கடையில், கல்யாண வீட்டில், ஊரிலும் காலனியிலும். கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகிவிட்டது. 'தாஸ் மாலை' என்பது அந்த மூன்று மணி நேரக் கச்சேரியை ரசிகர்களே வரிசை மாறாமல் திரும்பச் செய்து காட்டுவது. கேசட்டில் தாஸ் எங்கே இருமினாரோ அங்கே இவர்களும் இருமுவார்கள். எங்கே தண்ணீர் கேட்டாரோ அங்கே தண்ணீர் கேட்பார்கள். பாட்டு நடுவே அறிவிப்பும் வரும். அதைச் செய்பவர் கன்னியப்பன், அவருடைய அப்பா குரலிலேயே.

"அந்தப் பாட்டுல அறிவிப்பு இல்லன்னா எங்க ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க சார். பாட்டே அதுதான்னு நெனச்சிக்கினு கீறாங்க" என்றார். "எங்க நைனா செத்துப் பதினோரு வருசம் ஆவுது. போட்டோ நாலு கீது. கொரலு அந்தக் கேசட்ல மட்டுந்தான் கீது. முப்பது செகண்டு. அத்தத்தான் வருசா வருசம் நான் பேசறேன்."

"தாஸுக்கு ஏன் பிடிக்கவில்லை?"

"வரி மறந்தாரு இல்ல? அத்த வெச்சி நாம கிண்டல் பண்றோம்னு நெனச்சிக்கினாரு போல. பேஜாராப் போச்சு சார். அவரு வர்றாருன்னு எட்டு ஊருக்கு நோட்டீஸ் ஒட்டிட்டேன்."

எனக்கும் அது சரியான காரணமாகத்தான் பட்டது. மேடைக்காரர்கள் தங்கள் தடுமாற்றத்தை மறக்க மாட்டார்கள்.

மாகறலைத் தாண்டியதும் வேகம் குறைந்தது. சாலையில் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயவைத்திருந்தார்கள். எதிரே அறுவடை இயந்திரம் ஒன்று வந்து, நாங்கள் ஒதுங்க இடமில்லாமல் பன்னிரண்டு நிமிடம் நின்றோம். கன்னியப்பன் இறங்கிப் போய் அந்த ஓட்டுநரிடம் கத்தினார்.

"ஏம்பா, ஒனக்கு இன்னிக்கிதான் நாள் கெடச்சிதா?"

"எனக்கு நாளு இன்னா நைனா, நெல்லு முத்திட்சி, அறுக்கறேன்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "சாயந்தரம் நானும் தாஸப் பாக்க வர்றேன். வர்றாரு இல்ல?"

கன்னியப்பன் திரும்பி வந்து வண்டியில் ஏறிக்கொண்டார்.

உத்திரமேரூர் 11.05. ஓரிக்கையிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி பத்து நிமிடம். வழக்கமாக நாற்பது நிமிடம்தான் ஆகும். கன்னியப்பன் பூ வாங்கப் போன இடைவெளியில் கோயிலுக்குப் போய்க் கல்வெட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரம், நுழைவுக் கட்டணம் இல்லை. சுவர் முழுக்க விதிகள். யார் ஊர்ச் சபையில் உட்காரலாம், யார் கூடாது. வெளியே வந்தபோது கன்னியப்பன் வண்டிக்குப் பக்கத்தில் மறுபடியும் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார்.

சின்ன ஆலம்பாக்கத்துக்கு 11.50-க்குப் போய்ச் சேர்ந்தோம். பால் சொசைட்டிக்குப் பக்கத்துத் திடலில் பந்தல் தயாராக இருந்தது. இருநூறு நாற்காலிகள், எல்லாம் ஊர் மக்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்தவை என்பதால் ஒன்று போல் ஒன்று இல்லை. முன்னால் சிவப்பு சோபா. மேடையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

ஜட்கா பாட்டைப் பாடுபவர் தனசேகர். பால் சொசைட்டியில் கணக்கர், நாற்பத்தைந்து வயது, நல்ல கனமான குரல். குதிரைக் குளம்பொலிக்கு இரண்டு கொட்டாங்குச்சிகளைத் தட்டுபவர் சாந்தி. அவருக்கு நாற்பது வயது. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை. இந்த ஒரு நாளுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிடுவாராம். கன்னியப்பன் என்னை அறிமுகம் செய்துவைக்கும்போதுதான் சொன்னார்: அறிவிப்பில் வரும் காணாமற்போன குழந்தை இவர்தான்.

"எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"எங்கயும் போவல சார். மைக் செட்டு ஏத்திக்கினு வந்த மாட்டு வண்டியில வக்கோல் மேல படுத்துத் தூங்கிட்டேன்" என்று சாந்தி சிரித்தார். "இவங்க நைனா அவரு வண்டியிலயே என்னை வெச்சிக்கினு, ஊரையே தேட வுட்டாரு."

தனசேகரும் பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். பல முறை சிரித்துப் பழகிய சிரிப்பு. கன்னியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதும் விஷயத்தைச் சொல்லவில்லை. சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கும். இலையில் இருந்ததை அப்படியே மூடிவிட்டு, ஒன்றரை மணிக்குத்தான் இருவரையும் மேடைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"அறிவிப்பு இன்னிக்கி வேணாம். அண்ணன் சொல்ட்டாரு."

தனசேகர் முதலில் வேடிக்கை என்று நினைத்தார். பிறகு கோபப்பட்டார். "இன்னாண்ணா பேசற? அங்க நின்னாத்தான் எனக்கு அடுத்த வரி வரும். இருவது வருசமா அப்டித்தான் பாடறேன். நிக்காத ஓடுன்னா எங்க ஓடறது?"

"பாடிப் பாரு."

பாடிப் பார்த்தார். மூன்று முறை. மூன்று முறையும் அந்த இடம் வந்ததும் தானாக வாயை மூடிக்கொண்டு கன்னியப்பன் பக்கம் திரும்பினார். நான்காவது முறை கண்ணை மூடிக்கொண்டு தாண்டினார்.

சாந்தி கொட்டாங்குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு, "வேணாம்னா வுட்டுடுங்கண்ணா. எம் பேரு வராட்டி இன்னா, பெரியவரு வந்தா போதும்" என்றார். அப்படிச் சொல்லிவிட்டு எழுந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனார். கொஞ்ச நேரம் திரும்பி வரவில்லை.

"ஜனங்களுக்கும் மைக்கில் சொல்லிவிடுங்களேன்" என்று கன்னியப்பனிடம் சொன்னேன்.

"சொல்றேன் சார், சொல்றேன்" என்றார். கடைசிவரை சொல்லவில்லை.

நான்கு மணிக்கு நிகழ்ச்சி தொடங்கியது. தாஸ் எப்போதும் எடுத்த எடுப்பில் மேடையில் தோன்ற மாட்டார், கூட்டத்தின் பின்னாலிருந்து பாடிக்கொண்டே வருவார். தனசேகரும் அப்படியே வந்தார். ரயில் வந்தது. பெண் குரல் பாட்டை ஒரு டிராக்டர் மெக்கானிக் பாடினார், மீசையோடு. யாரும் சிரிக்கவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது. கேசட்டில் இருமல் வரும் இடத்தில் இருநூறு பேரும் சேர்ந்து இருமினார்கள். இதை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும்.

ஐந்து மணி ஆனது. சோபா காலி. 5.20. கன்னியப்பன் மல்லிகாவுக்கு நான்கு முறை அழைத்தார், மணி அடித்தது, எடுக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர், "தலைவரே, அண்ணன் நேர்லயா, போட்டோவுலயா?" என்று கத்தினார். கன்னியப்பன் சாலைக்கு ஓடினார், திரும்ப வந்தார், மறுபடி ஓடினார். நானும் இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தேன். உட்கார முடியவில்லை.

5.40-க்கு வெள்ளைக் கார் வந்தது. தாஸ் மேடைக் கோட்டு அணிந்திருந்தார். கறுப்பு வெல்வெட், காலரில் ஜிகினா, தோள் பக்கம் இப்போது தொளதொளவென்று. மல்லிகா கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கூட்டம் எழுந்து நின்றது. ஆரவாரம் அடங்க நான்கு நிமிடம் பிடித்தது. ஒவ்வொருவராக வந்து காலைத் தொட்டார்கள். ஒரு பெரியவர் அந்தக் கேசட்டையே கொண்டுவந்து காட்டினார். தாஸ் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார்.

6.15-க்கு ஜட்கா வண்டிப் பாட்டு. சாந்தி கொட்டாங்குச்சிகளைத் தட்டத் தொடங்கியதும் பந்தல் முழுக்கக் கால்கள் தாளம் போட்டன. தாஸும் பலகையின் மேல் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கவாட்டில் நின்றதால் அவர் முகம் நன்றாகத் தெரிந்தது.

அந்த இடம் வந்தது. தனசேகர் கண்ணை மூடிக்கொண்டு தாண்டினார். ஆனால் கூட்டத்துக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லையே. கன்னியப்பன் மைக்கைப் பிடிக்காததைப் பார்த்ததும், அவர் மறந்துவிட்டார் போல என்று நினைத்து, முதலில் பின்வரிசை, பிறகு எல்லோரும் தாங்களாகவே ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.

"ஒரு முக்கிய அறிவிப்பு! மஞ்சள் நிற கவுன் அணிந்த, சாந்தி என்கிற நான்கு வயதுப் பெண் குழந்தையைக் காணவில்லை..."

தனசேகர் நின்றுவிட்டார். கொட்டாங்குச்சியும் நின்றது. தாஸ் சோபாவிலிருந்து எழுந்தார்.

கன்னியப்பன் மைக்கும் கையுமாக மேடையிலிருந்து குதித்து ஓடிவந்தார். "அண்ணே, மன்னிச்சிக்குங்கண்ணே. நான்தான் ஜனங்களுக்கு சொல்லல. என் தப்புண்ணே. கிண்டல் இல்லண்ணே." மைக்கை அணைக்கவில்லை. அவர் சொன்னது அத்தனையும் பந்தலுக்குக் கேட்டது.

தாஸ் போகவில்லை. நின்றபடியே பலகையில் எழுதினார். மல்லிகா அதை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு ஒரு கணம் அப்பாவைப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சொன்னார்.

"'அந்தக் குழந்தை என்ன ஆச்சு?'ன்னு கேக்கறார்."

"எந்தக் கொயந்தண்ணே?" என்றார் கன்னியப்பன்.

தாஸ் பலகையில் மஞ்சள் கவுன் என்ற இரண்டு சொற்களை எழுதி அடிக்கோடிட்டார். அதற்குக் கீழே இன்னும் நான்கு வரி. மல்லிகா படித்தார்: "'மேடையிலேர்ந்து அவங்க அம்மா ஓடறது தெரிஞ்சுது. எனக்குப் பாட்டு வரல. முடிச்சதும் அடுத்த ஊர்க் கச்சேரிக்கு வண்டி ஏத்திட்டாங்க. அப்புறம் யாரும் சொல்லல.'"

சாந்தி வண்டியில் தூங்கிய கதை அந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் மேடையில் நின்று பாடியவர் என்பது பந்தலில் இருந்த ஒருவருக்கும் தோன்றவே இல்லை.

மேடையில் சாந்தி எழுந்தார். "நான்தாங்க அது" என்றார்.

தாஸ் அவரைப் பார்த்தார். கையைக் கீழே இறக்கி, முழங்காலுக்கு மேலே ஓர் உயரத்தைக் காட்டினார். இவ்வளவுதானே இருந்தாய் என்பது போல. சாந்தி தலையாட்டினார். "எனக்கே காலேஜ் போற பொண்ணு கீதுங்க" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

"இவங்கப்பன் வண்டியிலதான் இருந்திச்சு!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். சிரிப்பு எழுந்து பாதியில் அடங்கியது.

கன்னியப்பன் இப்போது மெதுவாகப் பேசினார். "கொயந்த கெடச்சதும் எங்க நைனா மேடையாண்ட வந்து நின்னாராம்ணே. சொல்லணும்னு. ஆனா மொதல் தபா மைக்கை வாங்கனப்போ நீங்க மொறச்சிட்டீங்களாம். ரெண்டாவது தபா பாட்டை நிறுத்த அவருக்கு தைரியம் வரல. அம்மாக்காரிகிட்ட மட்டும் சொல்லிட்டு வுட்டுட்டாரு."

தாஸ் தோளில் இருந்த துண்டின் நுனியால் பலகையைச் சுத்தமாகத் துடைத்தார். இரண்டே சொல் எழுதி, மல்லிகாவிடம் கொடுக்காமல், கன்னியப்பனுக்கு நேராகவே திருப்பிக் காட்டினார்.

'இப்ப சொல்லு.'

கன்னியப்பன் மேடையேறினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அடுத்து வந்தது அவருடைய குரல் இல்லை. பழைய மைக் செட்காரர்கள் அறிவிப்புக்கென்று வைத்திருந்த அந்த விறைப்பான, நீட்டி முழக்கும் குரல்.

"ஒரு முக்கிய அறிவிப்பு. மஞ்சள் நிற கவுன் அணிந்த, சாந்தி என்கிற நான்கு வயதுப் பெண் குழந்தை..." இங்கே கொஞ்சம் நின்றார். "கிடைத்துவிட்டது. குழந்தையின் தாயார் எங்கிருந்தாலும் மேடைக்கு அருகில் வந்து பெற்றுக்கொள்ளவும்."

மூன்றாவது வரிசையின் நடுவிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார். அறுபதுக்கு மேல் இருக்கும். நாற்காலிகளுக்கு இடையே வழி கேட்டு, இடித்துக்கொண்டு, செருப்பைக்கூடத் தேடாமல் மேடைக்குப் போய் சாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். பந்தலில் அப்போது எழுந்த சத்தத்தைக் கைதட்டல் என்று எழுதினால் குறைவு.

தாஸ் உட்கார்ந்தார். தனசேகரைப் பார்த்து விரலைச் சுழற்றினார். தனசேகர் அடுத்த வரியை ஒரு தடங்கலும் இல்லாமல் எடுத்தார்.

6.50-க்குத் தாஸ் கிளம்பிவிட்டார். எதுவும் சாப்பிடவில்லை, படம் எடுத்துக்கொள்ளவும் நிற்கவில்லை. கார்க் கதவு மூடும்வரை சாந்தியின் அம்மா ஜன்னலோரம் நின்று ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் போகவில்லை. காலையில் தாஸ் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஏன் வேண்டாம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். முப்பது வருடம் அந்த ஒரு கேள்விக்காகத்தான் சம்பளம் வாங்கினேன். அவர் கூச்சப்படுகிறார் என்று நானாக முடிவு செய்துகொண்டு, ஆற்றைப் பார்க்கப் போய்விட்டேன். திரும்பும் வழியெல்லாம் அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது.

ஒருவரை ரசிப்பவர்கள் அவரைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருப்பார்கள். அவர் இருமிய இடம்வரை. தங்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று யோசிப்பது மட்டும் வழக்கத்தில் இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். 'தாஸ் மாலை' தை மாதக் கடைசி ஞாயிறு, மாலை நான்கு மணி. கட்டணம் கிடையாது. உத்திரமேரூரிலிருந்து சின்ன ஆலம்பாக்கத்துக்கு ஷேர் ஆட்டோ 25 ரூபாய். ஆறு பேர் சேர்ந்தால்தான் எடுப்பார்கள், தனியாகப் போனால் 150 கேட்பார்கள். திரும்பும்போது ஆட்டோ கிடைக்காது, யாராவது வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கு நான் 8.10 பேருந்தைப் பிடித்தேன், 28 ரூபாய். அதற்குப் பிறகு இருக்கிறதா என்று ஆளுக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள், நம்பியிருக்க வேண்டாம். தங்க வேண்டுமென்றால் காஞ்சிபுரம்தான். அறுவடைக் காலம் என்பதால் சாலைப் பயணத்துக்கு அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டை மன்றத்தாரே போடுகிறார்கள்.

போன வாரம் கன்னியப்பனிடம் பேசினேன். இரண்டாவது அறிவிப்பை இனி சேர்ப்பதா வேண்டாமா என்று ஊரில் சண்டை நடந்ததாம். அது கேசட்டில் இல்லை என்பது தனசேகரின் கட்சி. கடைசியில் இரண்டும் உண்டு என்று முடிவாகியிருக்கிறது. ஆகவே கடைசியாக ஒரு வேண்டுகோள். மூன்றாவது வரிசையில், நடுவழியை ஒட்டிய ஓரத்து நாற்காலி காலியாக இருந்தாலும் அதில் உட்காராதீர்கள். எழுந்து வரச் சுலபமாக இருக்கும் என்று சாந்தியின் அம்மா அதைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்.